இடையா இடையமா, எத்தனை பேரைக் கேக்கணும்: ஸ்டெட்ஸ் தொடங்குற பிள்ளைகள் திருப்பித் திருப்பிக் கேக்கிற கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில சனி ஞாயிறு ஸ்டெட்ஸ் (புள்ளிவிபரவியல்) கிளாஸ் எடுக்கிறன். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில வாற கேள்வி எல்லாம் அஞ்சு வருசமா அதே கேள்விதான், ஆள் மட்டும்தான் வேற, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன், இனி லிங்க்கைத்தான் அனுப்புவன், கோவிக்கக் கூடாது.

மிஸ், இடை எண்டா சராசரிதானே? யூடியூப்பில இந்திய வீடியோ பாத்தா வேற ஏதோ பேர் சொல்றாங்க

ஓம், சராசரிதான். எங்கட ஸ்கூல் புத்தகத்தில இடை, இடையம், ஆகாரம், மீடிறன், நியம விலகல். தமிழ்நாட்டுப் புத்தகத்தில அதே சாமான்களுக்கு சராசரி, இடைநிலை அளவு, முகடு, நிகழ்வெண், திட்ட விலக்கம். இதில ஆளைக் கவுக்கிறது ஒண்டுதான்: எங்கட "இடை" கூட்டிப் பிரிச்சு வாறது, அவங்கட "இடைநிலை" வரிசையில நடுவில நிக்கிறது, அதாவது எங்கட இடையம். போன வருசம் ஒரு பிள்ளை வீடியோ பாத்துப் படிச்சிட்டு வந்து எல்லாக் கணக்கிலயும் இதை மாத்திச் செய்து வச்சிருந்துது, கணக்கு சரி, பேர்தான் பிழை. ரெண்டே எழுத்து வித்தியாசத்தில ரெண்டு வேற சாமானுக்குப் பேர் வச்ச ஆளை எனக்கும் ஒருக்கா சந்திக்கணும். இங்க நான் எங்கட பேரையே பாவிக்கிறன்.

எப்ப இடை, எப்ப இடையம்?

இதுக்கு நான் எப்பவும் காட்டுறது என்ட கொப்பிதான். ஒருக்கா பத்து நாள் தொடர்ந்து காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ்ஸுக்கு நிண்ட நேரத்தை நிமிசத்தில குறிச்சு வச்சன், சின்னனில இருந்து பெரிசுக்கு அடுக்கினா இப்பிடி வரும்: 2, 3, 3, 4, 5, 5, 6, 7, 8, 27. கூட்டினா 70, பத்தால பிரிச்சா இடை 7. நடுவில நிக்கிற ரெண்டும் 5, அதால இடையம் 5. இப்ப கொஞ்சம் பாருங்க, பத்து நாளில ஏழு நாள் நான் 7 நிமிசத்துக்குக் குறைவாத்தான் நிண்டிருக்கிறன், ஒரு நாள் சரியா 7, அப்ப "சராசரியா 7 நிமிசம்" எண்டு சொன்னா பொய் இல்லை, ஆனா என்ட வழமையான காலைப்பொழுது அது இல்லை. அந்த 27தான் இடையைத் தன்ட பக்கம் இழுத்து வச்சிருக்கு. அந்த 27ஐ 127 ஆக்கிப் பாருங்க, இடை 17 ஆயிடும், இடையம் அசையாது.

அப்ப இடையம்தான் நல்லதா எண்டு கேட்டா, அப்பிடியும் இல்லை. மாசம் முழுக்க ரோட்டில எவ்வளவு நேரம் போகுது எண்டு தெரியணுமெண்டா எனக்கு இடைதான் வேணும், ஏனெண்டா இடையை நாள் எண்ணிக்கையால பெருக்கினா மொத்தம் வரும், இடையத்தைப் பெருக்கினா ஒண்டும் வராது. என்ன கேக்கிறீங்க எண்டதில இருக்கு: வழமையா எப்பிடி எண்டா இடையம், மொத்தக் கணக்கு வேணுமெண்டா இடை.

அரசாங்கம் சொல்ற வருமானக் கணக்கு எங்கட வீட்டுக்குப் பொருந்துதே இல்லை, பொய்யா?

பொய் இல்லை, நீங்க இடையைப் பாக்கிறீங்க. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல செய்த வீட்டு வருமான செலவின ஆய்வில ஒரு குடும்பத்தின்ட மாச வருமான இடை 76,414 ரூபா, இடையம் 53,333 ரூபா. அதாவது அப்ப நாட்டில பாதிக் குடும்பம் 53,333க்குக் கீழ. மேல கொஞ்சப் பேர் எடுக்கிற பெரிய வருமானம் இடையை அவ்வளவு தூரம் தூக்கியிருக்கு. பேப்பரில தலைப்பு போடேக்க பெரிய நம்பரைத்தான் போடுவாங்க, டிவியிலயும் அதைத்தான் வாசிப்பாங்க, பிறகு வீட்டில அப்பா "ஆருக்கடா இவ்வளவு சம்பளம்" எண்டு கத்துவார். அடுத்த தரம் இடைக்குப் பக்கத்தில இடையத்தையும் தேடிப் பாருங்க, ரெண்டுக்கும் இடையில இருக்கிற தூரமே ஒரு செய்தி.

அதே ஆய்வில நகரம் 116,670, கிராமம் 69,517, தோட்டம் (தேயிலை, ரப்பர் எஸ்டேட்) 46,865. சிலர் இந்த மூண்டையும் கூட்டி மூண்டால பிரிச்சு நாட்டின்ட இடை எடுக்கிறாங்க, 77,684 வரும். 76,414க்குக் கிட்ட வந்திட்டுது எண்டு சந்தோசப்படாதேங்க, அது தற்செயல். கிராமத்தில இருக்கிற சனம் நகரத்தை விட எத்தனையோ மடங்கு, தோட்டத்தில மிச்சம் குறைவு, அதால ஒவ்வொண்டையும் அந்தந்தத் துறையில இருக்கிற குடும்பங்களின்ட எண்ணிக்கையால நிறை குடுத்துத்தான் சேர்க்கணும்.

அந்த 27ஐ வெட்டிவிடலாமா?

ஏன் வெட்டணும்? அண்டைக்கு நல்ல மழை, ரோட்டில தண்ணி, பஸ் வரேல்லை, நான் உண்மையாவே 27 நிமிசம் குடையோட நிண்டனான். நடந்த விசயத்தை வெட்ட ஏலாது. 27ஐ 270 எண்டு மாறி டைப் பண்ணியிருந்தா அது வேற கதை, அதைத் திருத்தணும், திருத்தவும் தெரியாட்டி எடுத்துவிட்டு எடுத்தனான் எண்டு எழுதணும்.

தூரத்து நம்பரைக் கண்டுபிடிக்க ஒரு கைவிதி இருக்கு: கீழ்க் காலணை, மேல் காலணை (அடுக்கின பட்டியலில காவாசி, முக்காவாசி இடத்தில நிக்கிற நம்பர்கள்) ரெண்டையும் எடுங்க, என்ட டேட்டாவில 3உம் 7உம், வித்தியாசம் 4, அதை ஒண்டரையால பெருக்கினா 6, மேல் காலணையோட கூட்டினா 13. அதுக்கு மேல போனா "இதை ஒருக்கா பார்" எண்டு அர்த்தம். பார் எண்டுதான், வெட்டு எண்டு இல்லை. இந்த வித்தியாசத்தை ஆக்கள் மறக்கிற மாதிரி வேற ஒண்டையும் மறக்கிறேல்லை.

எக்செல்லில போட்டா காலணை வேற வருதே?

வரும். மேல சொன்னது பட்டியலை ரெண்டா வெட்டி ஒவ்வொரு பாதியின்ட நடுவையும் எடுக்கிற முறை, மேல் காலணை 7. எண்ணிக்கையோட ஒண்டைக் கூட்டி முக்காலால பெருக்கி இடம் பாக்கிற முறையில 8.25ஆவது இடம், விடை 7.25. எக்செல்லின்ட வழமையான காலணை ஃபங்ஷன் 6.75 தரும். மூண்டும் சரிதான், எப்பவும் ஒத்துவரும் எண்டு இல்லை, பெரிய டேட்டாவில இந்த வித்தியாசம் மறைஞ்சு போகும். எக்ஸாமில உங்கட சிலபஸ் சொல்ற முறை, ரிப்போட்டில எந்த முறை எண்டு ஒரு வரி.

நியம விலகல் எண்டா என்ன? ஏன் வர்க்கம் எடுக்கணும்? ஏன் பத்தால பிரிக்காம ஒன்பதால பிரிக்கணும்?

மூண்டு கேள்வியை ஒண்டாக் கேட்டா மூண்டு நாள் பதில் வராது எண்டு சொல்லியிருக்கிறன், சரி.

நியம விலகல் சொல்றது நம்பர்கள் இடையைச் சுத்தி எவ்வளவு சிதறி நிக்குது எண்டதை. என்ட பஸ் நேரங்களில ஒவ்வொண்டில இருந்தும் 7ஐக் கழிச்சா −5, −4, −4, −3, −2, −2, −1, 0, 1, 20. கூட்டிப் பாருங்க, பூச்சியம். இது எந்த டேட்டாவுக்கும் பூச்சியம்தான், இடை எண்டதே அந்த இடம்தானே, தராசு சமனா நிக்கிற இடம். அதால சும்மா கூட்டி ஒண்டும் அறிய ஏலாது. சய (மைனஸ்) அடையாளத்தைத் தூக்கிப்போட்டுக் கூட்டலாம், 42 வரும், பத்தால பிரிச்சா 4.2, அதுவும் ஒரு அளவுதான், ஆரும் தடுக்கேல்லை. ஆனா வர்க்கம் எடுத்தா பிறகு வாற கணிதம் மிச்சம் லேசா ஓடும், அதால உலகம் அந்தப் பக்கம் போயிட்டுது. வர்க்கங்களின்ட கூட்டுத்தொகை 476, இதில 400 அந்த ஒரு மழை நாள்தான். ஒன்பதால பிரிச்சு வர்க்கமூலம் எடுத்தா 7.3 அளவில. மழை நாளை விட்டிட்டு மிச்ச ஒன்பது நாளுக்கு மட்டும் செய்தா 2 அளவில. ஒரு நாள், 7.3க்கும் 2க்கும் இடையில. இதைக் கையால ஒருக்கா செய்து பாத்த பிள்ளை பிறகு நியம விலகலை மட்டும் தனியா நம்பாது.

ஒன்பது ஏன் எண்டா, எனக்கு வேணும் எண்டது இந்தப் பத்து நாள் இல்லை, வருசம் முழுக்க பஸ் எப்பிடி வருது எண்டது. அந்த உண்மையான இடை எனக்குத் தெரியாது, அதால இதே பத்து நம்பரில இருந்து எடுத்த 7ஐப் பாவிக்கிறன். அந்த 7 இந்தப் பத்துப் பேருக்கும் ஆகக் கிட்ட நிக்கிற மாதிரியே செய்யப்பட்ட நம்பர், சொந்தக்காரர் மாதிரி, அதால விலகல்கள் உண்மையை விடக் கொஞ்சம் சின்னனாத் தெரியும். ஒண்டைக் குறைச்சுப் பிரிச்சா அந்தக் குறை சரியாகும். ஒன்பது விலகல் தெரிஞ்சா பத்தாவது தன்பாட்டில வந்திடும், கூட்டினா பூச்சியம் எண்டபடியா, அப்ப சுயமா நிக்கிறது ஒன்பதுதான். முழுக் குடித்தொகையும், அதாவது நீங்க எதைப் பத்திச் சொல்லப்போறீங்களோ அது முழுக்க, கையில இருந்தா பத்தாலயே பிரிங்க, 6.9 வரும். எக்செல்லில கடைசியில எஸ் வாறது மாதிரிக்கு (முழுசில இருந்து எடுத்த ஒரு பங்குக்கு), பி வாறது முழுக் குடித்தொகைக்கு.

ஆகாரத்தால என்ன பிரயோசனம்?

ஆகாரம் எண்டா ஆகக் கூடத் தரம் வாறது. புறக்கோட்டையில செருப்புக் கடை வச்சிருக்கிறவரைக் கேளுங்க. சராசரி சைஸ் 7.4 எண்டா அவர் என்ன செய்றது? கூட விக்கிற சைஸ்தான் அவருக்கு வேணும். நிறம், மொழி, எந்த ஊர் எண்ட மாதிரி கூட்ட ஏலாத விசயங்களுக்கு இது ஒண்டுதான் இருக்கு. என்ட பஸ் டேட்டாவில 3உம் 5உம் ரெண்டு தரம், ரெண்டு ஆகாரம், அதில அர்த்தம் ஒண்டும் இல்லை, சும்மா விடுங்க.

ஏ எல் ரிசல்ட்டில வாற இசட் ஸ்கோர் இதோட சம்பந்தமா?

இதேதான். உங்கட மார்க்ஸில இருந்து அந்தப் பாடத்தின்ட இடையைக் கழிச்சு நியம விலகலால பிரிக்கிறது. ஒரு பாடத்தில இடை 40, நியம விலகல் 10, நீங்க 60 எடுத்தா இசட் 2. இன்னொண்டில இடை 65, நியம விலகல் 12, நீங்க 77 எடுத்தா இசட் 1. 77 பெரிசு, ஆனா 60தான் கெட்டித்தனம். (இந்த நம்பர் நான் சும்மா போட்டது.) கஷ்டமான பாடம் எடுத்த பிள்ளையும் லேசான பாடம் எடுத்த பிள்ளையும் ஒரே வரிசையில நிக்கேக்க வாற அநியாயத்தைக் குறைக்கத்தான் 2001இல இருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இதைப் பாவிக்கிறாங்க, மூண்டு பாடத்தின்ட இசட்டையும் சராசரி எடுத்து.

2011 ஏ எல்லில என்ன நடந்தது எண்டு அண்ணாமார் அக்காமாரைக் கேளுங்க. அந்த வருசம் பழைய சிலபஸ், புதிய சிலபஸ் எண்டு ரெண்டு கூட்டம் வேற வேற பேப்பர் எழுதினாங்க, ஆனா ஒரே குடித்தொகை மாதிரி சேர்த்து இசட் போட்டாங்க. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல அந்த இசட் செல்லாது, ரெண்டையும் தனித்தனிக் குடித்தொகையா எடுத்துக் கணக்குப் போடுங்க எண்டு தீர்ப்பு வந்தது. "எது உங்கட குடித்தொகை" எண்டு நான் கிளாஸில திருப்பித் திருப்பிக் கேக்கேக்க சிரிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத்தான் சொல்றது. ஃபோர்முலா ரெண்டு தரமும் ஒண்டுதான்.

குடித்தொகை எண்டா சனத்தொகையா? எல்லாரையும் எண்ணிட்டா மாதிரியே தேவையில்லையே

குடித்தொகை எண்டது நீங்க ஆரைப் பத்தி, எதைப் பத்திச் சொல்லப்போறீங்களோ அது முழுக்க. ஆக்களா இருக்கத் தேவையில்லை, ஒரு மாசம் ஓடின பஸ் எல்லாம் ஒரு குடித்தொகை, ஒரு லொறியில வந்த தேங்காய் எல்லாம் ஒரு குடித்தொகை.

எல்லாரையும் எண்ணுறது நினைக்கிற மாதிரி லேசில்லை. இலங்கையில முதலாவது நவீன தொகைமதிப்பு 1871இல. 1981க்குப் பிறகு 1991இல நடக்கவேயில்லை, 2001இல நடந்தது 25 மாவட்டத்தில 18இல மட்டும்தான் முழுசா. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஏழும் முழுசா எண்ணுப்படேல்லை, ஏன் எண்டு இதை வாசிக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2012இல தான் திருப்பி முழு நாடும், 20,359,439 பேர். அப்ப 2001 டேபிள் ஒண்டில "இலங்கை" எண்டு போட்டிருந்தா முதல் கேள்வி, எந்த இலங்கை, எத்தனை மாவட்டம்? அடிக்குறிப்பை வாசிக்காம கொப்பி பண்ணி அசைன்மன்டில போட்ட பிள்ளைகளுக்கு நான் மார்க்ஸ் வெட்டியிருக்கிறன், இனியும் வெட்டுவன்.

எத்தனை பேரைக் கேட்டாக் காணும்? 30 எண்டு சொல்றாங்களே

30 எண்டது மந்திரம் இல்லை. ஆம் இல்லை எண்டு பதில் வாற கேள்வி ஒண்டை எழுமாறா (சீட்டுக் குலுக்கி ஆள் எடுக்கிற மாதிரி) கேட்டா வழு, அதாவது பிழை, எவ்வளவு வரும் எண்டதுக்குப் பருமட்டான கணக்கு: ஒண்டை எண்ணிக்கையின்ட வர்க்கமூலத்தால பிரிங்க. 100 பேர் எண்டா 10 வீதம் அங்கால இங்கால, 400 எண்டா 5 வீதம், 1,000 எண்டா 3 வீதம் அளவில. இருபதில பத்தொன்பது தரம் இதுக்குள்ள நிக்கும். வழுவைப் பாதியாக்க ஆக்களை நாலு மடங்காக்கணும், அதாலதான் ஆயிரம் ரெண்டாயிரத்தோட கனபேர் நிப்பாட்டுறாங்க.

ஆக்கள் நம்பாத விசயம், குடித்தொகை எவ்வளவு பெரிசு எண்டது இதில அநேகமா வாறதே இல்லை. கொழும்புக்கு 1,000 பேர் காணும் எண்டா முழு இலங்கைக்கும் 1,000 பேர் காணும். அம்மா சொதிக்கு உப்புப் பாக்கிறது ஒரு கரண்டியாலதான், சட்டி சின்னனோ கலியாண வீட்டு அண்டாவோ. ஆனா அவ முதல் கிண்டிப்போட்டுத்தான் எடுப்பா, அதைக் கவனிச்சீங்களா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் எண்டதும் அப்பிடித்தான், கொதிக்கிற தண்ணியில எல்லாச் சோறும் சுத்திச் சுத்தி வாறபடியாத்தான் ஒண்டு காணும், அடிப்பிடிச்ச பானையில மேல இருந்து ஒரு சோறு எடுத்துப் பாத்தா பதம்தான் சொல்லும்.

கூகிள் ஃபோர்ம் அடிச்சு வாட்ஸ்அப் குரூப்பில போட்டா 500 பேர் நிரப்புவாங்க, அது காணாதா?

அது கிண்டாத சட்டியில எடுத்த 500 கரண்டி. குரூப்பில இருக்கிறவங்க, டேட்டா இருக்கிறவங்க, அந்த விசயத்தில கோவமோ விருப்பமோ இருக்கிறவங்கதான் நிரப்புவாங்க. எண்ணிக்கை கூடக் கூட அதே பிழையை இன்னும் உறுதியாச் சொல்லும், அவ்வளவுதான்.

என்ட கதையையும் சொல்றன். கெம்பஸ் முதல் வருசம், ஒஃபிஸ் ஆக்கள் பகல் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவழிக்கிறாங்க எண்டு ப்ரொஜெக்ட், நான் கெட்டிக்காரி எண்டு நினைச்சு ஒரு மணிக்கு ஒரு சைவக்கடை வாசலில நிண்டு வெயிலில 60 பேரைக் கேட்டன், டேபிள், கிராஃப், நியம விலகல் எல்லாம் வடிவா. விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளை, வீட்டில இருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வாறவங்க எங்க?" ஒருத்தரும் இல்லை. கடை வாசலில எப்பிடி இருப்பாங்க. பூச்சியம் ரூபா செலவழிக்கிற அத்தனை பேரும் என்ட டேட்டாவில கிடையாது, அப்ப என்ட இடை எதின்ட இடை?

இதே வியாதி பஸ் ஸ்டாண்டிலயும் இருக்கு. ஒரு பஸ் வந்து 2 நிமிசத்தில அடுத்தது, பிறகு 18 நிமிசம் ஒண்டும் இல்லை, பிறகு திருப்பி 2, 18 எண்டு ஓடுது எண்டு வைங்க. டைம் கீப்பர் "சராசரியா 10 நிமிசத்துக்கு ஒண்டு" எண்டு சொல்லுவார், உண்மை. ஆனா நீங்க ஏதோ ஒரு நேரம் போய் நிண்டா 20 நிமிசத்தில 18 நிமிசம் அந்தப் பெரிய இடைவெளிக்குள்ளதான், அதால சராசரியா நிக்கப்போறது 5 நிமிசம் இல்லை, 8.2. அவர் பஸ்ஸை எண்ணுறார், நீங்க நிமிசத்தில விழுறீங்க. பள்ளிக்கூடத்தில போய் "வீட்டில எத்தனை பிள்ளைகள்" எண்டு கேட்டாலும் இதுதான், அஞ்சு பிள்ளை உள்ள வீடு அஞ்சு தரம் மாட்டலாம், பிள்ளையே இல்லாத வீடு ஒரு தரமும் மாட்டாது.

எழுமாறு எண்டா கண்ணில பட்ட ஆளைக் கேக்கிறதா?

இல்லவே இல்லை! கண்ணில பட்ட ஆள் எண்டா சிரிச்ச முகமா, உங்கட வயசா, உங்கட பாசை கதைக்கிற ஆளாத்தான் பிடிப்பீங்க. முதல் ஒரு லிஸ்ட் வேணும், பிறகு சீட்டோ கம்பியூட்டரோ தெரிவு செய்யணும், உங்கட மனம் தெரிவு செய்யக் கூடாது.

லிஸ்ட்டில ஒவ்வொரு இத்தனையாவது ஆள் எண்டு எடுக்கிறது லேசு, ஆனா ஒரு பொறி இருக்கு. கடற்கரைப் பக்கம் ஒரு ஃபிளட்ஸ், மாடிக்கு நாலு வீடு, நம்பர் வரிசையில நாலாவது எப்பவும் கடல் பாத்த வீடு எண்டு வைங்க. நீங்க ஒவ்வொரு நாலாவது வீட்டையும் தட்டினா பத்து மாடியிலயும் கடல் காத்து வாங்குற, வாடகை கூடக் குடுக்கிற வீடுகள்தான் மாட்டும். அஞ்சு, ஏழு எண்டு எடுத்திருந்தா தப்பியிருப்பீங்க.

படைப்படையாப் பிரிக்கிறதுக்கும் கொத்தா எடுக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?

படை எண்டா நகரம், கிராமம் மாதிரி ஒரே வகைக் கூட்டம், எல்லாப் படையில இருந்தும் கொஞ்சம் எடுப்பாங்க. கொத்து எண்டா பக்கத்துப் பக்கத்தில இருக்கிற வீடுகள், அதில சில கொத்து மட்டும். தோட்டத்து சனம் நாட்டில நாலு வீதம் அளவில, அப்ப 1,000 பேரை சும்மா எழுமாறா எடுத்தா 40 பேர்தான் வருவாங்க, 40 பேரை வச்சு தோட்டத்தைப் பத்தி என்ன சொல்றது? அதால தோட்டத்தைத் தனிப் படையா வச்சு அங்க கூட எடுத்து, பிறகு முழு நாட்டுக்குக் கணக்குப் போடேக்க நிறையைக் குறைப்பாங்க. கொத்து எண்டது பஸ் காசு மிச்சம் பிடிக்கிற வழி. மேல சொன்ன 2019 ஆய்வில ரெண்டும் இருக்கு: படையாப் பிரிச்சு, 2,500 தொகைமதிப்பு வட்டாரம் (எண்ணுறதுக்காகப் பிரிச்ச சின்னப் பகுதி) எடுத்து, ஒவ்வொண்டிலயும் 10 வீடு, மொத்தம் 25,000. பக்கத்துப் பக்கத்து வீடு ஒரே மாதிரித்தான் இருக்கும், அதால கொத்தில 10 வீடு எண்டது உண்மையில 10 வீட்டுக்கான விசயத்தைத் தராது.

பணவீக்கம் குறைஞ்சிட்டுது எண்டாங்க, சாமான் விலை குறையேல்லையே?

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில 69.8 வீதம், 2023 செப்டம்பரில 1.3 வீதம். ரெண்டும் அதுக்கு முந்தின வருச அதே மாசத்தோட ஒப்பிட்டது. 100 ரூபா சாமான் 170 அளவுக்கு ஏறி, பிறகு 172 ஆகுது. ஏறுற வேகம்தான் குறைஞ்சது. சுட்டெண்ணும் ஒரு நிறையிட்ட சராசரிதான், உங்கட வீட்டுக் கூடைக்கு அதே நிறை இருக்கும் எண்டு இல்லை.

மிஸ், நாளைக்கு சப்மிஷன், 40 பேரைத்தான் கேட்டனாங்கள், அதுவும் எங்கட ஃபிரெண்ட்ஸ். இப்ப என்ன செய்ய?

இனிப் போய் ஆக்களைப் பிடிக்கவும் வேண்டாம், 40ஐ 140 ஆக்கவும் வேண்டாம் (கண்டுபிடிக்கிறது லேசு, ஆக்கள் இல்லாத டேட்டாவில 27 வராது). நியம வழு, நம்பிக்கை ஆயிடை (மேல சொன்ன "இத்தனை வீதம் அங்கால இங்கால" மாதிரிக் கணக்குகள்) ஒண்டும் போடாதேங்க, அது எழுமாற்று மாதிரிக்குத்தான். இடை, இடையம், காலணை, ஒரு வலையுருவரையம் (ஹிஸ்டோகிராம்), அதோட முறை எண்ட பகுதியில இப்பிடி ஒரு பந்தி: "கொழும்பில் எமக்குத் தெரிந்த 40 பல்கலைக்கழக மாணவர்களிடம் வசதி மாதிரி முறையில் தரவு பெறப்பட்டது. 52 பேரிடம் கேட்டதில் 12 பேர் பதில் தரவில்லை. விடுதியில் தங்கியிருப்போர் இதில் இல்லை. எனவே இந்தப் பெறுமானங்கள் இந்த 40 பேரையே விபரிக்கும்." நம்பரை உங்கட நம்பருக்கு மாத்துங்க, என்ட 12ஐ அப்பிடியே அடிச்சுக் குடுத்திடாதேங்க.